பொருள்: தற்காலிகப் பணி நிறுத்தம் – தொடர்பாக

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாத்தியார்களைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் அடிக்க வந்தால் ஒன்பது தடவை திருத்துவார்கள். ஒன்பதாவது தடவை, முதலில் இருந்ததே நன்றாக இருந்ததே என்பார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு எழுத்தும் தவறாமல் எழுதிய கடிதத்தில், எழுத்தே இல்லாத ஒரு இடத்தில் தப்பு நடந்தது. அதைச் செய்தவள் நான்தான். சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

கடைக்கு மேல் மாடியில் அக்கா தங்கச்சி இரண்டு பேர் குடியிருந்தார்கள். மூத்தவர் வேதியியல் துறை, நிரந்தர வேலை, ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர். இளையவர் தமிழ்த் துறையில் இலக்கணம் நடத்துபவர், மணிக்கணக்கு விரிவுரையாளர். எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்கிறாரோ அத்தனைக்குத்தான் சம்பளம். விடுமுறை வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், இவர் மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். நான் ஒருத்தரைப் பெரிய டீச்சர் என்பேன், இன்னொருத்தரைச் சின்ன டீச்சர் என்பேன். பெரிய டீச்சரின் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சமையல் அவர்தான். ஃபியூஸ் போட்ட கையில் கரண்டி பிடித்தால் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சின்ன டீச்சருக்குத் துறை அறையில் நாற்காலி கிடையாது. நிரந்தர ஆட்களுக்கு மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. மணிக்கணக்குக்காரர்கள் இரண்டு வகுப்புக்கு நடுவே தாழ்வாரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நூலகத்துக்குப் போக வேண்டும். நூலகத்திலும் மழைக்கு ஒழுகி, பாதி மேசைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதனால் அவர் என் கடையில் வந்து உட்காருவார். அவருக்கென்று நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தேன். அவருடைய பை எப்போதும் அதன் முதுகில் தொங்கும். சும்மா உட்கார மாட்டார். மேசையில் கிடக்கிற பிரதிகளை எடுத்துச் சிவப்புப் பேனாவால் பிழை பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை, நில விற்பனை நோட்டீஸ், காணாமல் போன நாயைப் பற்றிய அறிவிப்பு, எது கிடந்தாலும் பார்ப்பார். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்று வைப்பார். பிரிந்து கிடக்கும் சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் மேலே ஒரு சின்ன வளைவு போடுவார். சேர்ந்திருப்பதைப் பிரிக்க வேண்டுமென்றால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. நானும் அதையெல்லாம் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடம் இடையறாமல் வேலை பார்த்தவர்களை நிரந்தரப்படுத்தும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விதி. அவருக்குப் பன்னிரண்டு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. நடுவில் ஒரே நாள் விட்டுப்போனாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். காய்ச்சலோடு போய் வகுப்பெடுத்த நாட்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் வளைவு கட்ட ஆரம்பித்தார்கள். பழைய வாசல் துணைவேந்தர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்ததாம். அதை இடித்துவிட்டு, லாரி மேல் லாரி வைத்தாலும் இடிக்காத உயரத்தில் ஒரு நுழைவு வளைவு. அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட நிர்வாகக் கட்டடம், அதற்கு முன்னால் நீரூற்று. வேதியியல் ஆய்வகத்தில் குழாயில் தண்ணீர் வராமல் பிள்ளைகள் வாளியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இங்கே தண்ணீரை மேலே பீய்ச்சி அடித்து வேடிக்கை பார்க்கப் போகிறார்களாம். மூன்று வகுப்புகளை ஒன்றாகப் போட்டு ஒரு கூடத்தில் அடைத்தார்கள். மைக்குக்கு பேட்டரி வாத்தியார்கள் கைக்காசு. நூலகத்துக்கு வரும் ஆய்விதழ்களை நிறுத்தினார்கள். பதவி உயர்வை ஆறு வருடமாக முடக்கி வைத்திருந்தார்கள். அந்த முடக்கத்தில் பெரிய டீச்சரும் உண்டு. பேராசிரியர் ஆகாமலே அடுத்த வருடம் ஓய்வு பெற வேண்டியவர்.

சங்கம் கூடியது. பெரிய டீச்சர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவில் ‘காலவரையற்ற வேலைநிறுத்தம்’ என்று இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். சங்கத் தலைவர் ஒருவர் இருக்கிறார், வெயில் காலத்திலும் மஃப்ளர் சுற்றியிருப்பார், அதனால் மஃப்ளர் என்றே பேர். அவருக்கு அந்த இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை. காலவரையற்ற என்றால் நிர்வாகத்தோடு பேச இடமில்லாமல் போகும், தற்காலிக என்று போடுவோம் என்றார். அடுத்து ‘வேலை’ என்ற சொல்லில் கை வைத்தார்.

“வேலைநிறுத்தம்னு ஏன் போடணும்? நாம என்ன மூட்டையா தூக்குறோம்? ஆசிரியர் செய்யிறது பணி. பணிநிறுத்தம்னு போடுங்க.”

மாடியில் நடந்த கூட்டம் அது. நான் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். அடுக்களையிலிருந்து ஒயர்மேன் குரல் வந்தது. “மூட்டை தூக்குறவன் என்ன சார் பாவம் பண்ணான்?” பணிநிறுத்தம் என்பது காதுக்குக் கௌரவமாக இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சின்ன டீச்சர் மட்டும், அப்படியென்றால் சேர்த்து எழுதுங்கள், பிரித்தால் பொருள் மாறும் என்றார். அவரை யார் கேட்டார்கள்? மணிக்கணக்குக்காரர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. அவர் நாற்காலிகள் எடுத்துப் போட வந்திருந்தார்.

கடிதம் என்னிடம் வந்தது. ‘பொருள்’ என்று தொடங்கும் வரியில்தான் வினை. அந்த நீளச் சொல் வரிக்கு அடங்காமல் மொத்தமாகக் கீழே குதித்தது, மேல் வரி பல்லிளித்தது. நான் நடுவில் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினேன். பணி மேலே நின்றது, நிறுத்தம் கீழே போனது. பார்க்க அழகாக இருந்தது. சின்ன டீச்சர் வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் பிரதியைப் பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு வளைவு ஒன்று போட்டார். “அதை மட்டும் சேத்துடுங்க கடைக்காரம்மா” என்றார். சேத்துடறேன் என்றேன். அதற்குள் நாற்பது பிரதி ஓடியிருந்தது. ஒரு இடைவெளிக்காக நாற்பது தாளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடிதம் பதிவாளருக்குப் போன பதினைந்தாவது நாள் வாத்தியார்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். பாதி எழும்பிய வளைவின் கீழேயே தார்ப்பாய் கட்டினார்கள். மழை விடவில்லை. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட, கம்பால் குத்திக் குத்தி வடிப்பார்கள். வடித்தால் யாராவது ஒருத்தர் தலையில் கொட்டும். வளைவு வேலை மட்டும் நிற்கவில்லை. மேலே கொத்தனார்கள், கீழே பேராசிரியர்கள். சித்தாள் பெண்கள் சட்டியோடு போகும்போது, ஓரமா உட்காருங்க சார், தலையில விழும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பாடு மாடியிலிருந்து போனது. ஒயர்மேன் பெரிய பாத்திரத்தில் சாதமும் பருப்பும் கிளறி, முட்டை அவித்து, குடை பிடித்துக்கொண்டு கொண்டுபோவார். எட்டு நாளும் அப்படித்தான். சின்ன டீச்சரும் மற்ற மணிக்கணக்குக்காரர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அந்த எட்டு நாளும் சம்பளம் கிடையாது. சின்ன டீச்சருக்கு அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கும் அறுந்துபோகலாம், தெரிந்துதான் உட்கார்ந்தார். பின்வரிசையில், தார்ப்பாய் ஒழுகுகிற பக்கத்தில் இருந்தார்கள்.

எட்டாம் நாள் பகல் பதிவாளரிடமிருந்து பதில் வந்தது. பெரிய டீச்சர் அதைப் பிரதி எடுக்க என்னிடம் அனுப்பினார். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் முன் படித்தேன்.

‘பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின் பொருளில் கோரியுள்ளவாறு, தற்காலிகப் பணி நிறுத்தம் செய்யப்படுகிறது. மணிக்கணக்கு விரிவுரையாளர்கள் நாற்பத்தொரு பேரின் பணி இன்றுடன் முடிவுக்கு வருகிறது. நிதி நெருக்கடியை உணர்ந்து சங்கம் தானே முன்வந்தமைக்கு நிர்வாகம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.’

தற்காலிகமாகப் பணியை நிறுத்துகிறோம் என்று எழுதினால், தற்காலிகப் பணியையே நிறுத்துங்கள் என்று படித்திருக்கிறார்கள். இழுப்பறையைத் திறந்து அந்தச் சிவப்பு வளைவு போட்ட பிரதியைத் தேடினேன். இருந்தது. கடையைப் பூட்டினேன். தார்ப்பாய்க்குப் போய்ப் பெரிய டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வாங்க என்றார். நேரே பதிவாளர் அறைக்குப் போனோம்.

பதிவாளர் நல்ல மனிதர் மாதிரியே பேசினார். உட்காரச் சொன்னார். என் தாளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். கடிதத்துக்கு உள்ளே வேலைக்கு வராமல் இருக்கப்போவதாகத் தெளிவாக எழுதியிருக்கிறோமே என்று பெரிய டீச்சர் கேட்டார். உள்ளே ஆயிரம் எழுதலாம், கோப்பில் ஏறுவது பொருள் வரிதான், நிதிக்குழு அதைத்தான் படித்தது என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன். ஐயா, இடைவெளி விட்டது நான், வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்றேன்.

“கடிதத்துல கையெழுத்து உங்களோடதாம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப நீங்க ஏன் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, தாளை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். பதவி உயர்வு முடக்கத்தை எடுத்துவிடுகிறோம். ஆய்விதழ்கள் மறுபடி வரும். நீரூற்றைத் தள்ளிப் போடுகிறோம். எட்டு நாளையும் விடுப்பாகக் கழித்துக்கொள்கிறோம், யார் மேலும் நடவடிக்கை இல்லை. பதிலுக்கு ஒன்றுதான் வேண்டும். தற்காலிகப் பணி நிறுத்தம் சங்கத்தின் கடிதப்படி நடந்தது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. செயலாளர் கையெழுத்து. அவ்வளவே.

அவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஒரு ஓட்டை தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியில் செயற்குழு. ஒன்பது பேர், ஒன்பதும் நிரந்தரம். ஒப்பந்த நகல்களைக் கொடுக்கப் போனவள் வெளியே வராமல் கதவோரம் நின்றுவிட்டேன். மஃப்ளர் நிறையப் பேசினார். மணிக்கணக்கு நண்பர்களை நாம் கைவிடவில்லை, முதலில் கிடைத்ததை வாங்கிக்கொள்வோம், அவர்கள் பிரச்சினையை அடுத்த கட்டத்தில் எடுப்போம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஆய்விதழ்கள் வருவது மாணவர்களுக்கு எவ்வளவு நல்லது என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் மாணவர்களைப் பற்றிப் பேசினார்கள். பதவி உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் தம்ளர்களைக் கழுவ ஒயர்மேனுக்கு ஒத்தாசையாக அடுக்களையில் நின்றேன். சின்ன டீச்சர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் நடக்கும்போதும் அங்கேதான் இருந்திருக்கிறார். பெரிய டீச்சர் வந்து நிலைப்படியில் நின்றார். குக்கர் சத்தம் போட்டது.

“எத்தனை கை?” என்று சின்ன டீச்சர் கேட்டார். தலை நிமிரவில்லை.

“எட்டு.”

“உன் கை?”

“தூக்கல.”

“வேணாம்னு யார் யார் கை தூக்கறீங்கன்னு கேட்டிருப்பாங்களே. அப்ப?”

பெரிய டீச்சர் சுவரைப் பார்த்தார். “அப்பவும் தூக்கல.”

சின்ன டீச்சர் உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“நான் எதிர்த்தாலும் எட்டுக்கு ஒண்ணுதான்டி. ஒண்ணும் மாறியிருக்காது.”

“மாறியிருக்காதுதான். ஒண்ணுன்னு இருந்திருக்கும்ல.”

“நான் செயலாளர். குழு முடிவு பண்ணா நான் கையெழுத்துப் போட்டே ஆகணும். ராஜினாமா பண்ணலாம்னு பாத்தேன். பண்ணா மஃப்ளரோட ஆள் வந்து போடுவான். உங்க விஷயத்தை அடுத்து யார் எடுப்பா? நான் இருந்தாத்தானே.”

“நீ அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவக்கா.” குரலில் கோபமே இல்லை. பிள்ளைக்கு விடைத்தாளில் மார்க்கு குறைந்ததை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். “பேராசிரியரா ரிட்டயர் ஆவ. அது நல்லதுதான். ஆறு வருஷமா நீ அழுததை நான் பாத்திருக்கேன். நீ அதுக்காகத்தான் கையை மடியில வச்சிருந்தேன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். எனக்காக வச்சிருந்தேன்னு மட்டும் சொல்லாத.”

பெரிய டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒயர்மேன் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் எப்போதும் இவர்கள் சங்கதியில் தலையிடாதவர்.

“வேலைன்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல” என்றார். “நாப்பது வருஷம் கம்பத்துல ஏறினேன். அதை வேலைன்னுதான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடல.”

சின்ன டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பா, வெங்காயமா, கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அங்கே நிற்க முடியாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன். அதுவரை எல்லாம் என் இடைவெளியால் வந்தது என்றுதான் மனசு அடித்துக்கொண்டிருந்தது. படியிறங்கும்போது அது அப்படி இல்லை என்று புரிந்தது. புரிந்தும் பாரம் குறையவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். பதிவாளர் அலுவலகம் தந்த வரைவில் சில திருத்தங்கள் செய்து, அதை அடித்துத் தரச் சொல்லி ஒன்பது மணிக்கே பெரிய டீச்சர் கடைக்கு வந்தார். இரவு தூங்கின முகமாக இல்லை. உட்காரச் சொன்னேன். நீல நாற்காலியைப் பார்த்தார், அதன் முதுகில் தொங்கிய பையைப் பார்த்தார், நின்றுகொண்டே இருந்தார். வெளியே மழை விட்டிருந்தது. தார்ப்பாயை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கொத்தனார்கள் வளைவின் உச்சியில் கடைசிக் கல்லை வைக்கக் கயிறு கட்டினார்கள்.

நான் அடித்தேன். மூன்றாவது வரி வந்தது. ‘சங்கத்தின் கடிதப்படி தற்காலிகப் பணிநிறுத்தம் மேற்கொள்ளப்பட்டதை இரு தரப்பும் ஏற்கின்றன.’ சேர்த்தே அடித்தேன். தெரிந்துதான் செய்தேன். பிரிந்திருந்ததை வைத்து அவர்கள் ஒரு பொருள் கண்டுபிடித்தார்கள் அல்லவா, சேர்ந்திருப்பதை வைத்து நாளைக்கு யாராவது ஒரு நல்ல வக்கீல் இன்னொரு பொருள் சொல்ல மாட்டாரா என்று ஒரு நப்பாசை. எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

பிரதி வெளியே வந்தபோது சின்ன டீச்சர் படியிறங்கி வந்தார். பையை எடுக்க வந்திருக்கிறார். வகுப்பு இல்லை, நேரமும் இல்லை, நாற்காலிக்கும் வேலை இல்லை. அக்காவைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். மேசையில் தாள் கிடந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. எடுத்தார். பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது.

“அதை விடுடி” என்றார் பெரிய டீச்சர்.

அவர் விடவில்லை. முதல் பத்தியில் ஒரு ஒற்று சேர்த்தார். இரண்டாவதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதற்காகச் சேர்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முகம் சுட்டது.

சொல்லின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டார்.

“இங்க பிரிக்கணும் கடைக்காரம்மா.”

“டீச்சர், இருக்கட்டுமே” என்றேன். “சேந்தே இருக்கட்டும்.”

“இல்லை. அன்னைக்கு நாங்க வேலைக்கு வராம இருக்கப்போறோம்னு சொன்னோம், அப்ப சேந்து இருக்கணும். இன்னைக்கு எங்க வேலையை நிறுத்துறாங்க. இப்ப இடைவெளி விட்டாத்தான் சரி.” தாளை என் பக்கம் நகர்த்தினார். “நாப்பத்தொரு பேர். பிழையில்லாம இருக்கட்டும்.”

பெரிய டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை, தெருவில் இறங்கி, வளைவு இருக்கிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

நான் அந்தச் சொல்லில் கர்சரை வைத்து ஒரு தட்டு தட்டினேன். வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். பெரிய டீச்சர் அதை ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். எத்தனை பிரதி என்று கேட்டேன். ஒன்பது என்றார்.